நகவெட்டி சிஸ்டர் விடுதிக்கு வந்த நாள்

ஒரு மனிதரின் முகத்தைப் பார்க்காமல், அவர் சொறிகிற இடத்தை மட்டும் பார்த்து, அவர் என்ன வேலை செய்கிறார், என்ன சோப்புப் போடுகிறார், யாரோடு ஒரே போர்வையில் படுக்கிறார் என்று சொல்லிவிடக்கூடிய ஒரே பிறவி எங்கள் ஏலமலையில் நகவெட்டி சிஸ்டர்தான். அதனால் அவரைக் கண்டு பயந்தவர்கள் நிறைய. குறிப்பாக அந்த மூன்றாவது விஷயத்துக்காக.

சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி இல்லை. போடிமெட்டுக்கு மேலே நாங்கள் குடியிருந்த ஏலத்தோட்டத்தின் டிஸ்பென்சரியில் அவர் நர்ஸ். நாற்பது வயதிருக்கும். குள்ளம். எந்நேரமும் கையில் குடை, கழுத்தில் கறுப்பு நூலில் கோத்த ஒரு பூதக்கண்ணாடி. மலைக்கு மேற்கே, கேரளப் பக்கம் பிறந்தவர், ஆனால் போடித் தமிழையும் மலையாளத்தையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவார். அவருடைய உண்மையான பெயர் சம்பளப் புத்தகத்துக்கு மட்டும்தான் தெரியும்.

"கையைக் காட்டு" என்பதுதான் டிஸ்பென்சரிக்குள் நுழைகிறவர் கேட்கும் முதல் குரல். காய்ச்சலா, காதுவலியா, மரத்திலிருந்து விழுந்தாயா, எதுவானாலும் முதலில் பத்து விரல் நகத்தையும் ஒட்ட வெட்டிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. மீசையை முறுக்கிக்கொண்டு தோட்டத்தையே அதட்டும் கங்காணி ஒருநாள் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சிஸ்டர், பல்லு உசுரு போகுது."

"கையைக் காட்டு."

"பல்லுங்கிறேன். கையைக் கேக்குறீங்களே!"

"பல்லு உன் வாய்க்குள்ளதானே இருக்கு? எங்கயும் ஓடாது. கொண்டா கையை."

பத்து நகமும் போன பிறகுதான் கங்காணியால் வாயைத் திறக்க முடிந்தது. அதற்குள் பாதி வலி குறைந்துவிட்டதாக அவரே லயத்தில் சொன்னார். லயம் என்பது தொழிலாளர்களுக்காகத் தோட்டம் வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகள். அங்கே சொன்னால் அரை மணியில் அடுத்த தோட்டத்துக்குத் தெரிந்துவிடும்.

ஏன் இந்த நகவெறி என்று கேட்டால் சிஸ்டரிடம் ஒரு கணக்கு இருந்தது. "அரிப்பு ஒரு நோய். சொறியறது ரெண்டாவது நோய். நகத்து அழுக்கு உள்ள போயி சீழ் வைக்கிறது மூணாவது. முதல் நோயை நான் கண்டுபிடிக்கிறதுக்குள்ள மத்த ரெண்டையும் நீங்களே வளத்துட்டு வர்றீங்க. மூணும் சேந்து வந்தா நான் எதைப் பாக்க?"

அவரிடம் ஒரு தடித்த நோட்டு உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மனித உருவங்கள் வரைந்து வைத்திருப்பார், முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று. மூக்கும் காதும் இல்லாத, பிசைந்த மாவில் பிடித்த பொம்மை மாதிரி உருவங்கள். யார் சொறிந்துகொண்டு வந்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "எவிடெ?" எங்கே என்று அர்த்தம். சொறிகிற இடத்தையெல்லாம் சிவப்புப் பென்சிலால் பொம்மையின் மேல் குத்துவார். குத்தி முடித்ததும் நோட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்ப்பார். ஜோசியர் ஜாதகம் பார்ப்பதுபோல் இருக்கும். "எங்கேன்னு நீ சொல்லு. ஏன்னு நான் சொல்றேன்" என்பார்.

சொல்லிவிடுவார். அதுதான் ஆச்சரியம்.

மழைக்காலம் வந்தால் எங்கள் மலையில் அட்டைகள் ஆட்களைவிட அதிகம். ஏலச்செடிக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் காலில் பத்துப் பதினைந்து தொங்கும். அதனால் வேலைக்குப் போகிறவர்கள் புகையிலையையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பாதத்திலிருந்து முழங்கால்வரை பூசிக்கொள்வார்கள். ஒரு வருஷம் களையெடுக்கிற ஆண்கள் பலருக்குக் காலெல்லாம் சிவந்து, கொப்பளித்து, நீர் வடிந்தது. அட்டை விஷம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். விஷம் என்று முடிவானதும் புகையிலையும் சுண்ணாம்பும் இரண்டு மடங்காகப் பூசினார்கள். கால்கள் இரண்டு மடங்கு வெந்தன.

சிஸ்டர் நோட்டில் பொம்மையின் கால்களைச் சிவப்பாக்கினார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார். ஆறு பேருடைய பொம்மையிலும் சிவப்பு முழங்காலுக்குக் கீழே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நின்றிருந்தது.

"அட்டைக்கு ஸ்கேல் வைக்கத் தெரியுமா?" என்று கேட்டார். வரிசையில் முன்னால் நின்ற ஆளிடம், "நாளைக்கு இடது காலுக்கு மட்டும் பூசு. வலது காலைச் சும்மா கொண்டு போ" என்றார்.

மூன்றாம் நாள் அந்த ஆள் அழாத குறையாக வந்து நின்றார். இடது கால் வெந்து கிடந்தது. வலது காலில் அட்டை கடித்துப் பொட்டுப் பொட்டாக ரத்தம்.

"ரெண்டு காலும் போச்சே சிஸ்டர்!"

சிஸ்டருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "கண்டோ! அட்டை ரத்தத்தை மட்டும்தான் எடுக்குது. உன் மருந்து தோலையே எடுக்குது!" என்று துள்ளினார். தோலைப் பொசுக்குகிற பொருள் எதுவோ அது பட்ட இடத்தோடு நிற்கும், அது படாத இடத்துக்குப் போகாது என்று விளக்கினார். அன்றைக்கே பழைய கித்தான் துணியில் முழங்கால்வரை உறை தைக்கச் சொல்லி, புகையிலைத் தண்ணீரைத் துணிக்கு வெளிப்பக்கம் தடவச் சொன்னார். அட்டையும் ஏறவில்லை, காலும் வேகவில்லை. அந்த ஆள் மட்டும், "இதை மூணு நாளைக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று வெகுநாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்துச் சிக்கியவர் போடிக்கும் மலைக்கும் ஆள் ஏற்றுகிற ஜீப்பு டிரைவர். தொப்புளுக்குக் கீழே வட்டமாக ஒரு தடிப்பு. படர்தாமரை என்று ஆறு மாதமாகக் கண்ட களிம்பையும் பூசிக்கொண்டிருந்தார். அரிப்பு வந்தால் ஸ்டியரிங்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் சொறிவார். கொண்டை ஊசி வளைவில் இதைப் பார்த்த பயணிகள் சாமி கும்பிடுவார்கள்.

"படர்தாமரைன்னா படரணும்" என்றார் சிஸ்டர், கண்ணாடியை அவர் வயிற்றில் வைத்து. "ஓரம் மேடா, நடு வெளுத்து, வாரத்துக்கு வாரம் வட்டம் பெருசாகும். இது ஆறு மாசமா வச்ச எடத்துல வச்ச அளவுல இருக்கு. நடுவும் வெளுக்கல. பெல்ட்டைக் கழட்டு."

டிரைவர் பதறிப்போனார். "சிஸ்டர், பொம்பளைப் பிள்ளைக நிக்குது."

"பெல்ட்டை மட்டும்தான் கேட்டேன்."

பெல்ட்டின் பக்கிளை எடுத்துத் தடிப்பின் மேல் வைத்தார். பெட்டிக்கு மூடி மாதிரி அச்சாகப் பொருந்தியது. வேர்வை பட்டால் சில உலோகம் சில ஆட்களுடைய தோலுக்கு ஆகாது என்றார். பக்கிளின் பின்புறம் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். மூன்று வாரத்தில் தடிப்பு மறைந்தது. அன்றிலிருந்து டிரைவர் சிஸ்டருக்குப் பக்தர். ஜீப்பில் முன்சீட்டு அவருக்குத்தான். அதில் ஒரு தொல்லை இருந்தது. வழியில் யாராவது சொறிந்துகொண்டு நடந்து போனால் சிஸ்டர் வண்டியை நிறுத்தச் சொல்வார். ஒருமுறை போடியில் கல்யாண ஊர்வலத்தை மறித்து, மாப்பிள்ளையின் கழுத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, "புதுச் சங்கிலி பித்தளை, தங்கமில்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தக் கல்யாணத்தில் அப்புறம் என்ன நடந்தது என்று தெரியாது. டிரைவர் வெரசாக வண்டியை எடுத்துவிட்டாராம்.

இத்தனையும் நான் லீவுக்கு வரும்போதெல்லாம் டிஸ்பென்சரி வாசலில் நின்று பார்த்தும், கேட்டும் தெரிந்துகொண்டவை. முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு நின்றுதான் பார்த்தேன். காரணம் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் கை என்னுடையது. எங்கள் லயத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆளும் நான்தான், ஆண்களையும் சேர்த்து. போடிக்குப் பக்கத்தில் சிலமலையில் சித்தி வீட்டில் தங்கிப் பத்தாவது முடித்தேன். அந்த மார்க் ஷீட்டை அப்பா பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அப்படிப்பட்ட கையின் முழங்கை மடிப்பு இரண்டிலும், முழங்கால் மடிப்பிலும், பிடரியிலும் எனக்குக் கரப்பான். பிறந்ததிலிருந்து. தோல் வறண்டு, தடித்து, கறுத்து, அரிக்கத் தொடங்கினால் ரத்தம் வந்தால்தான் நிற்கும். பார்க்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பண்டத்தைத் தள்ளச் சொன்னார்கள். கத்திரிக்காய் போயிற்று. கருவாடு போயிற்று. பலாப்பழம், நிலக்கடலை, பூசணி, முட்டை எல்லாம் வரிசையாகப் போயின. கடைசியில் என் தட்டில் சோறும் ரசமும் மட்டும் இருந்தன. கரப்பானும் அப்படியே இருந்தது. படித்த பெண் ஊர் நடுவில் நின்று சொறியலாமா என்ற வீம்பில், சிஸ்டரிடம் மட்டும் காட்டாமலே இருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் பிளஸ் ஒன் படிக்கப் போடியில் ஒரு மாணவியர் விடுதியில் சேர்ந்தேன். முதல் வாரமே என் முழங்கையை யாரோ பார்த்துவிட்டார்கள். மறுநாள் என் பாய் கூடத்திலிருந்து தூக்கப்பட்டு, அரிசி மூட்டை அடுக்குகிற அறையின் மூலைக்குப் போனது. என் தட்டுக்கும் டம்ளருக்கும் நூல் கட்டி அடையாளம் வைத்தார்கள். அங்கே பிள்ளைகள் ஒருத்தி தாவணியை இன்னொருத்தி கட்டுவார்கள், ஒரு போர்வைக்குள் இரண்டு மூன்று பேர் சுருண்டு படுப்பார்கள். என் தாவணியை யாரும் கேட்கவில்லை. நான் அதைப் பற்றிக் கவலைப்படாத மாதிரி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சுத்தமாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளித்தேன். சிவப்புக் கார்பாலிக் சோப்பைப் பீர்க்கங்கூட்டில் போட்டுத் தேய்த்தேன். கரப்பான் இன்னும் கொழுத்தது.

ஐப்பசி மழை வந்தபோது விடுதி முழுக்கச் சொறிய ஆரம்பித்தது. ஒருத்தி, இருவர், பத்துப் பேர், பிறகு எல்லோரும். யாரால் வந்தது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வார்டன் டீச்சர் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார்.

"உங்க மகளுக்குத் தொத்து வியாதி. நாப்பத்திரெண்டு பிள்ளைகளும் சொறியுதுக. சரியானதும் கூட்டிட்டு வாங்க" என்றார். பேசும்போதே மேஜை விளிம்பில் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

"எப்பச் சரியாகும் டீச்சர்?" என்று அப்பா கேட்டார்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? டாக்டரைக் கேளுங்க."

அப்பா என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். ஜீப்பு பத்தாவது வளைவில் ஏறியது. அப்பா மெதுவாகச் சொன்னார்:

"ஆத்தா, டீச்சர் ஆள் விட்டன்னைக்கே கங்காணிட்டப் பேரு குடுத்துட்டேன். சும்மா வீட்டுல உக்காந்தா மனசு கெட்டுப்போகும். சரியாகுற வரைக்கும் காய் எடுக்கப் போ."

சரியாகிற வரைக்கும். பதினாறு வருஷமாகச் சரியாகாத ஒன்று சரியாகிற வரைக்கும். என் படிப்பு அந்த வளைவில் இறங்கிக்கொண்டதுபோல் இருந்தது. நான் வெளியே பார்த்தேன். மழையில் ஒன்றும் தெரியவில்லை.

டிரைவர் திரும்பினார். "அண்ணே, சிஸ்டர்கிட்டக் காட்டுனீங்களா?"

"பொறவியிலயே வந்தது மாப்ளே. சிஸ்டரு என்ன செய்வாக?"

"என் வயித்தைக் கேளுங்க, சொல்லும்" என்ற டிரைவர், எங்கள் லயத்தில் நிறுத்தாமல் நேரே டிஸ்பென்சரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அரசல்புரசலாகச் செய்தி கேட்டு அம்மாவும் வேலைக்காட்டிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

"கையைக் காட்டு."

பத்து நகமும் போயின. பிறகு ரவிக்கைக் கையை மேலே ஏற்றினார். கண்ணாடியை வைத்தார். முழங்கால் மடிப்பு, பிடரி எல்லாம் பார்த்தார். நோட்டில் பொம்மையின் மடிப்புகளில் மட்டும் சிவப்பு வைத்தார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் பேசினார்.

"பால் குடிக்கிற வயசுல இவளுக்கு ரெண்டு கன்னத்துலயும் வந்திருக்கும். சிவந்து, நீர் வடிஞ்சு."

அம்மா வாயில் கை வைத்தாள். "ஆமா சிஸ்டர்!"

"நடக்க ஆரம்பிச்சப்புறம் கன்னத்தை விட்டுட்டு மடிப்புக்கு எறங்கியிருக்கும்."

"ஆமா!"

"உங்க ரெண்டு வீட்டுல யாருக்கோ இழுப்பு இருக்கு. மூச்சு விசிலடிக்கும்."

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "எங்கய்யாவுக்கு இருந்துச்சு சிஸ்டர். அவர் செத்து எட்டு வருசமாச்சு." அப்புறம் அம்மாவிடம் திரும்பி ரகசியமாக, "செத்துப்போன எங்கய்யாவைக்கூடக் கண்ணாடி வச்சுப் பாத்துட்டாகளே!" என்றார்.

இது பரம்பரைத் தோல், தொத்து வியாதி இல்லை என்றார் சிஸ்டர். "இவ தோலுல ஈரம் நிக்காது. ஓட்டை மண்பானை மாதிரி. நீ அதுல வெந்நியும் கார்பாலிக்கும் போட்டுத் தேச்சா இருக்கிற ஈரமும் போச்சு. மோளே, ஒரு வேளை குளி, வெதுவெதுன்னு. உடம்புல ஈரம் காயறதுக்குள்ள தேங்காய் எண்ணெயைத் தடவு. பருத்தித் துணி போடு. ரொம்பச் செவந்தா நான் தர்ற களிம்பைச் சொன்ன நாளைக்கு மட்டும் போடு. இது வரும், போகும், மறுபடி வரும். உன் கூடவே இருக்கும். ஆனா உன்னை விட்டு இன்னொருத்திக்குப் போகாது."

"அப்ப கத்திரிக்காய்?" என்றாள் அம்மா.

"கத்திரிக்காய் என்ன பாவம் செஞ்சது? ஏதாவது ஒரு பண்டம் ஒருத்தருக்கு ஆகாம போகலாம். ஒவ்வொண்ணாத் தின்னு பாக்கட்டும், கூடுனா எழுதி வைக்கட்டும். ஊரு சொல்லுச்சுன்னு பிள்ளையைப் பட்டினி போடாதே."

எனக்கு அழுகை வந்தது. "எனக்கிருக்கிறது ஒட்டாதுன்னா, நாப்பத்திரெண்டு பேரு ஏன் சிஸ்டர் சொறியிறாங்க?"

பூதக்கண்ணாடி மெல்லக் கீழே இறங்கியது. சிஸ்டரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வேறு பெண்களுக்கு அப்படி நகைக்கடையில் வரும்.

"அவங்களுக்கு எவிடெ?"

"விரல் இடுக்குல. மணிக்கட்டுல. இடுப்புல, பாவாடை நாடா கட்டுற எடத்துல."

"எப்போ?"

"படுத்தாத்தான் ஜாஸ்தி."

"உனக்கு அந்த எடத்துல?"

"இல்ல."

"உன் போர்வைக்குள்ள யாராவது படுத்தாளா? உன் தாவணியை யாராவது கட்டினாளா?"

"என்னை மூலைல போட்டுட்டாங்க சிஸ்டர். யாரும் பக்கத்துலயே வரல."

"வார்டனுக்கு உண்டா?"

மேஜை விளிம்பு ஞாபகம் வந்தது. சொன்னேன். சிஸ்டர் குடையை எடுத்துவிட்டார். "டிரைவரே! வண்டியைத் திருப்பு. அந்தப் பெட்டியை இறக்காதே."

விடுதிக்குள் நாங்கள் நுழைந்தபோது மத்தியானச் சாப்பாட்டு மணி. முன்னால் குடையோடு சிஸ்டர், பின்னால் நான், அதற்குப் பின்னால் பெட்டியோடு அப்பா, கடைசியில் மருந்து பாட்டில்களோடு டிரைவர். போடியில் இருந்த, சொறிக்குப் பூசுகிற வெள்ளை மருந்தையெல்லாம் வழியிலேயே கடை கடையாக ஏறி வாங்கியிருந்தார் சிஸ்டர்.

"இந்தப் பிள்ளையைச் சரியானதும்தானே வரச் சொன்னேன்?" என்றார் வார்டன் டீச்சர்.

"செரி டீச்சரே. கையைக் காட்டுங்க."

"எதுக்கு? நான் எம்.ஏ. படிச்சவ."

"நகம் எம்.ஏ. படிக்கல இல்லையா?"

நாற்பத்திரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, எம்.ஏ. படித்த பத்து நகங்கள் சிமெண்டுத் தரையில் விழுந்தன. அப்பா என் காதில், "ஆத்தா, சிஸ்டரைச் சத்தமில்லாமக் கூட்டிட்டுப் போயிருவோமா?" என்றார். சிஸ்டர் நினைத்தது தவறு என்றால் எனக்கு இந்த வாசல் இனி இல்லை.

சிஸ்டர் வார்டனின் விரல் இடுக்கில் கண்ணாடியை வைத்தார். நெடுநேரம் பார்த்தார். பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய சாம்பல் கோடு ஒன்று தோலில் இருந்தது. ஊசியை நெருப்பில் காட்டி, கோட்டின் நுனியில் வலிக்காத மென்மையோடு கிண்டினார். சிலேட்டுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஊசி முனையை அதில் தொட்டார். தூசிபோல் ஒரு வெள்ளைப் புள்ளி. கண்ணாடியை வார்டன் கையில் கொடுத்தார்.

"நோக்கு டீச்சரே. நகருது."

வார்டன் குனிந்து பார்த்தார். நிமிரவில்லை. ஊசிமுனையில் ஒரு வியாதியைப் பிடித்து வெளியே எடுத்து உட்கார வைத்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பாடப்புத்தகத்தில் விஞ்ஞானம் என்று படித்தது அன்றைக்குத்தான் என் கண்முன் கால் முளைத்து நடந்தது.

"இதுக்குப் பேரு சிரங்கு" என்றார் சிஸ்டர், கூடத்தைப் பார்த்து. "தோலுக்குள்ள சுரங்கம் தோண்டி முட்டை வைக்கிற பூச்சி. தோலோட தோல் ஒட்டிப் படுத்தா நடந்து வரும். ஒரே போர்வை, ஒரே துணின்னா அதுலயும் வரும். நீங்க ஒருத்தி தாவணியை ஒருத்தி கட்டி, ஒரு போர்வைக்குள்ள மூணு பேரு படுத்து, ஆளுக்கு ஆள் குடுத்திருக்கீங்க. இந்தக் கெட்டிடத்துல சிரங்கு இல்லாத ஒரே ஒருத்தி யாரு தெரியுமா?"

குடை நுனி என்னை நோக்கி நீண்டது.

"இவ. ஏன்னா நீங்க இவளை மூலையில போட்டீங்க."

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு திருவிழா. கழுத்திலிருந்து கால் விரல்வரை, ஓர் இடம் விடாமல், எல்லோரும் ஒரே நாளில் வெள்ளை மருந்து பூசிக்கொள்ள வேண்டும் என்பது சிஸ்டரின் உத்தரவு. ஒருத்தி தப்பினாலும் பூச்சி அவளிடமிருந்து கிளம்பி மறுபடி எல்லோரிடமும் குடிபோகும். ஒரு மணி நேரத்தில் விடுதி முழுக்கச் சுண்ணாம்படித்த சிலைகள் நடமாடின. வார்டனும் ஒரு சிலை. போர்வை, துணிமணி எல்லாவற்றையும் வேகவைக்கச் சமையலறைக்குள் சிஸ்டர் நுழைந்தபோது, சமையல்கார அம்மாள் கரண்டியோடு வழி மறித்தாள்.

"சாம்பார் அண்டாவுல போர்வையா? எந்த ஊரு நியாயம்?"

"கையைக் காட்டு" என்றார் சிஸ்டர்.

சமையல்கார அம்மாள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அவளுக்கும் ஒரு பாட்டில் போயிற்று. அண்டாவில் போர்வைகள் கொதித்தன.

"பூச்சி செத்தாலும் அரிப்பு ரெண்டு மூணு வாரம் இருக்கும்" என்று எச்சரித்தார். "போகலையேன்னு தினமும் மருந்தை அப்பாதே. தோல் வெந்துரும். நான் சொன்ன நாளைக்கு இன்னொரு தடவை, அவ்வளவுதான்."

வெள்ளைச் சிலையாக நின்ற வார்டன் டீச்சர் என் பாயைத் தானே தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவுக்குப் போனார். அவரால் சொல்ல முடிந்த மன்னிப்பு அது என்று எனக்குப் புரிந்தது. சிஸ்டர் பாய்ந்து போய்ப் பிடுங்கினார்.

"இன்னைக்கு வேண்டா டீச்சரே! நீங்க எல்லாம் முதல்ல சுத்தமாகுங்க. அதுவரைக்கும் எங்க பிள்ளை மூலையிலயே இருக்கட்டும். உங்களை நம்ப முடியாது."

கூடமே சிரித்தது. வெள்ளைச் சிலைகள் சிரிக்கும்போது முகம் மட்டும் மனித நிறத்தில் தெரியும். வார்டனும் சிரித்தார். அப்பா டிரங்குப் பெட்டியை அரிசி அறையில் இறக்கி வைத்துவிட்டு, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். கங்காணியிடம் கொடுத்த பெயரைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. இரண்டு வருஷம் அந்த விடுதியில் படித்தேன். பிறகு ஆசிரியர் பயிற்சியும் முடித்தேன். இப்போது என் வகுப்பில் யாராவது பிள்ளை மடிப்பைச் சொறிந்தால் நான் பாயைத் தூக்கச் சொல்வதில்லை.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது இவை எதுவும் அல்ல. அன்று சாயங்காலம் சிஸ்டர் கிளம்பினார். ஜீப்பு கடைவீதி முனையில் நின்றது. "வா மோளே, வண்டிவரைக்கும்" என்று என் கையைப் பிடித்தார். விரலை அல்ல, மணிக்கட்டை அல்ல. முழங்கை மடிப்பில், கறுத்துத் தடித்த அந்த இடத்தில், ரவிக்கைக் கை மேலே ஏறிக் கிடக்க, துணி எதுவும் இல்லாமல், வெறும் கையால் பிடித்தார். அந்த இடத்தைத் தொட்டவர்கள் அதுவரை களிம்பு தடவத்தான் தொட்டிருந்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவர் எதையும் கவனிக்காமல், எதிரே வந்த பால்காரரின் கழுத்தைக் கண்ணாடியில்லாமலே ஆராய்ந்துகொண்டு, போடிக் கடைவீதி முழுக்க என்னை அப்படியே பிடித்துக்கொண்டு நடந்தார். அத்தனை தூரமும் எனக்கு அரிக்கவே இல்லை.